ஆறே முக்கால் ராத்திரி

கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது
பாகலூர் ரோட்டில் பனி இன்னும் எழுந்திருக்கவில்லை.
ரோஜா ஏற்றிய வேன் ஒன்று
ஈரம் சொட்டச் சொட்ட பெங்களூர் பக்கம் போகிறது.
ஓசூருக்கு இது காலை ஆறே முக்கால்.
எனக்கு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து
கைகழுவிய ஈரம் காய்கிற பொழுது.

ஊரே எழுவதற்காகக் குடிக்கும் நேரத்தில்
தூங்குவதற்காக எதைக் குடிப்பது?

நஞ்சேகவுடு கடையில் பால் பொங்குகிறது.
"ஸ்ட்ராங்கா?" என்று கேட்டபடியே
கிளாஸைக் கையிலெடுத்துவிடுகிறார்.
வேண்டாம்ண்ணா என்கிறேன்.
ஒரு மாதமாக வேண்டாம் என்கிறேன்.
ஒரு மாதமாகக் கேட்கிறார்.
குடித்தால் மத்தியானம் வரை
மூடிய இமைக்குள் ஈயப் பொட்டுகள் ஊரும்:
ஒரு போர்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு,
லென்ஸ் வழியே ஒவ்வொன்றாய்ப் பார்த்து அனுப்பியவை.

முதலில் வெறும் பால் குடித்துப் பார்த்தேன்.
வயிறு தூங்கியது.
லைன் லீடர் ஜாதிக்காய் உரசிப் போடச் சொன்னார்.
கனவில் கல்யாணச் சமையல்காரர்கள் வந்து
விடிய விடியப் பாத்திரம் உருட்டினார்கள்.
கசகசா நல்லதாம்.
மளிகைக் கடையில் விலை கேட்டேன்,
இருந்த கொஞ்சம் தூக்கமும் போனது.
சீரகத் தண்ணீர். சுக்குத் தண்ணீர்.
மோர். டிசம்பர் மாத ஓசூரில் மோர்!
தொண்டை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் மாடி ரூபாவதி
இருமலே இல்லாமல் இருமல் மருந்து குடிக்கிறாள்.
ஒரு மூடி, அப்புறம் இரண்டு மூடி.
"உனக்கும் வேணுமாடி?" என்று ஒருநாள்
சிவப்பு பாட்டிலை ஆட்டிக் காட்டினாள்.
கை நீண்டது.
நீண்டதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு சைத்ரா வந்தாள், தளிப் பக்கத்துப் பெண்.
ஒரே ரூம், ஒரே கட்டில், பாதிப் பாதி வாடகை.
அவளுக்குப் பகல் ஷிப்ட்.
நான் கதவைத் திறக்கையில்
தலை பின்னிக்கொண்டிருப்பாள்.
பாதி கன்னடம், பாதி தமிழ்,
மீதி பல்லிடுக்கில் கடித்த ஹேர்பின்.

அடுப்பில் ராகிக் கஞ்சி.
வெல்லம் போட்டு அவளுக்கு ஒரு டம்ளர்,
நாளெல்லாம் நிற்கத் தெம்பாம்.
உப்புப் போட்டு எனக்கு ஒரு டம்ளர்.
ஒரே மாவு, ஒரே கொதி.
அவளைப் படியிறக்கி அனுப்புகிறது,
என்னைப் பிடித்துப் படுக்க வைக்கிறது.
எந்த வாயில் என்ன வேலை என்று
கஞ்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

சுவரில் சாய்ந்து ஊதி ஊதிக் குடிப்போம்.
மாவு கட்டி தட்டியிருந்தால் திட்டுவேன்.
"ஏழு பத்து பஸ்" என்று ஓடுவாள்.
மெத்தையில் அவள் படுத்த குழி
இன்னும் சூடாக இருக்கும்.
ஜன்னல் ஆணியில் போர்வையை மாட்டி
வெயிலை வெளியே நிறுத்திவிட்டு
அந்தக் குழிக்குள் இறங்குவேன்.
கீழே ஸ்கூல் வேன் ஹாரன்,
எதிர்வீட்டில் மிக்சி,
எல்லாம் பாதி வரைதான் கேட்கும்.

கஞ்சிதானா காரணம்?
ஒருமுறை அவள் ஊருக்குப் போயிருந்தபோது
நானே காய்ச்சினேன். அதே மாவு, அதே உப்பு,
கட்டிகூட இல்லை.
பத்தரை வரை மிக்சியும் நானும் விழித்திருந்தோம்.

போன ஞாயிறு இருவருக்கும் லீவு.
கட்டிலுக்கு அன்றுதான் தெரிந்தது
நாங்கள் இரண்டு பேர் என்று.
அவள் முட்டி என் முதுகில்,
என் முழங்கை அவள் விலாவில்.
இருட்டில் கொஞ்சநேரம் சும்மா கிடந்தோம்.
"கஞ்சி வைக்கட்டா?" என்றாள்.
பதினொன்றே கால்.
நான் ஸ்வெட்டரைத் தேடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஒரே ஒரு கடைதான் திறந்திருந்தது.
"ரெண்டு டீ. ஸ்ட்ராங்கா."
சைத்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"தூக்கம்?"
"அத நாளைக்குப் பாத்துக்கலாம்."

கிளாஸ் சுட்டது.
துப்பட்டா முனையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம்.
சேலம், சேலம் என்று ஒரு பஸ்
எங்களையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனது.